கை நனைத்த விசாரணை

1

கடந்த ஒரு வருடமாக எந்த அரசாங்கக் கட்டடத்திலும் யார் தந்த தேநீரையும் நான் குடிக்கவில்லை. தண்ணீர்கூட வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுபோனேன். விரதம் ஒன்றும் இல்லை. நான் இருக்கும் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) பொதுமக்களில் பத்தொன்பது பேரைத் தெரிந்தெடுத்து வருடத்துக்கு ஒரு குழு அமைக்கிறார்கள். சிறைச்சாலை, குடிநீர்ப் பகுதி, நூலகம், முதியோர் மனை என்று உள்ளூர் ஆட்சியின் கீழ் இருக்கும் எந்த இடத்துக்கும் அந்தப் பத்தொன்பது பேரும் சொல்லாமல் கொள்ளாமல் போகலாம். கதவைத் திறக்கச் சொல்லலாம், கடிதக் கோவையைக் காட்டச் சொல்லலாம், ஆட்களைத் தனியே வைத்து விசாரிக்கலாம். வருடம் முடிவதற்குள் அறிக்கை எழுதவேண்டும். அந்த அறிக்கைக்கு உரிய அரசாங்கக் கந்தோர் பதில் எழுதியே ஆகவேண்டும். போகிற இடத்தில் வாயில் ஒன்றும் வைக்கக்கூடாது என்பது குழுவின் சட்டம்.

அந்தப் பத்தொன்பது பேரில் நானும் ஒருத்தி. போன மாதம் எங்கள் வருடம் முடிந்தது. ஆளுக்கொரு சான்றிதழ் தந்து, கைகுலுக்கி, வாகனம் நிறுத்துவதற்குத் தந்த அட்டையை மறக்காமல் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து சான்றிதழைப் பிரிட்ஜின் மேல் வைத்துவிட்டு, இதை யாரிடம் காட்டலாம் என்று யோசித்தேன். ஒருவரும் ஞாபகத்துக்கு வரவில்லை. அதனால்தான் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

மெய்யைத் தவிர ஒன்றும் சொல்லேன் என்றும், பெயரும் இடமும் வெளியிடேன் என்றும் நீதிபதி முன்னால் கையை உயர்த்திச் சத்தியம் செய்திருக்கிறேன். ஆகவே அவை வராது. மற்றதைச் சொல்கிறேன்.

2

ஆட்சியைத் திருத்தவேண்டும் என்ற ஆவேசத்தில் நான் விண்ணப்பிக்கவில்லை. கணவர் இறந்து ஆறு வருடம். மகள் விமானத்தில் ஐந்து மணித்தியாலம் தள்ளி இன்னொரு மாநிலத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அழைப்பாள். பத்து இருபதுக்கு அவளுக்கு வேறு வேலை வந்துவிடும். குழு செவ்வாயும் வியாழனும் கூடும் என்று நூலகச் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலில் பார்த்தேன். வாரத்தில் இரண்டு நாள் ஒரு மேசையைச் சுற்றி மனிதர்களோடு இருக்கலாம். அந்த ஆசையில்தான் படிவத்தை நிரப்பினேன்.

படிவம் பதினொரு பக்கம். பிறகு விரல் அடையாளம். மெஷின் என் விரல்களை ஏற்கவில்லை. மூன்று தரம் துடைத்து வைத்தும் திரையில் வெறும் புகைதான் தெரிந்தது. "என்ன வேலை செய்தீர்கள்?" என்று அங்கிருந்த பெண் கேட்டாள். இருபது வருடம் கடதாசி புரட்டினேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை, அதையும் எழுதிக்கொண்டாள்.

உண்மைதான். மட்டக்களப்பு வாவிக் கரையில் ஒரு பிரதேச சபையில் இருபது வருடம் லிகிதராக (எழுத்தராக) இருந்தவள் நான். நேர்முகத்தில் இதைச் சொன்னதும் நீதிபதிக்குப் பெரிய சந்தோசம். அரசாங்க நிர்வாகம் உள்ளே எப்படி நடக்கும் என்று தெரிந்த ஆள் வேண்டும் என்றார். எனக்குத் தெரிந்தது என்ன என்பதை அவர் கேட்கவில்லை. விசாரிக்க வருகிறவர்களை எப்படி விசாரிக்காமல் அனுப்புவது என்பதுதான் எனக்குத் தெரியும்.

விசாரணைக்கு இரண்டு இரண்டு பேராகப் போவோம். என் சோடி ஓய்வுபெற்ற பள்ளிக்கூட பஸ் சாரதி. வோல்ட்டர் என்று வைத்துக்கொள்வோம், அது அவருடைய பெயர் அல்ல. முதல் வாரமே அவரைக் கோபப்படுத்திவிட்டேன். முப்பத்தொரு வருடத்தில் ஒரு நாளும் பஸ்ஸை முட்டியதில்லை என்று சொன்னார். நாங்கள் ஆச்சரியத்தில் "சும்மா பொய் சொல்லாதீங்க" என்போமே, அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். மனிதர் முகம் சிவந்து, அடுத்த செவ்வாய் தன் சாரதிப் பதிவுகளின் பிரதியை மேசையில் கொண்டுவந்து வைத்தார். மன்னிப்புக் கேட்டு முடிய எனக்கு ஒரு மாதம் எடுத்தது. அதற்குப் பிறகு நாங்கள் சிநேகிதர் ஆனோம்.

மகளிடம் குழுவைப் பற்றிச் சொன்னபோது, "அப்ப நீங்க ஸ்பையா அம்மா?" என்றாள். இல்லை என்று விளங்கப்படுத்தத் தொடங்கினேன். பத்து இருபது ஆகிவிட்டது.

3

இனி ஊர்க் கதை. இதை நான் இதுவரை கணவருக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை.

எங்கள் சபைக் கந்தோர் எழுவான்கரையில் இருந்தது. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை. வயல்வட்டையும் மாடும் தயிரும் அங்கே. ஆசுபத்திரியும் சந்தையும் பெரிய பள்ளிக்கூடமும் இங்கே. இரண்டுக்கும் நடுவில் பாதை ஓடியது. வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன், எங்களிடம் பாதை என்றால் தெரு மட்டும் அல்ல. இரண்டு பெரிய தோணிகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, மோட்டார் பூட்டிய மிதவைக்கும் அதுதான் பெயர். ஆளும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் சில நாள் கன்றுக்குட்டியும் அதில்தான் வாவியைக் கடக்கும். அந்தப் படகுத்துறையில் பாதை எங்கள் சபையின் பொறுப்பு.

பாதையின் பலகைகள் உக்கிப்போயிருந்தன. முறைப்பாடுகள் வந்துகொண்டே இருந்தன. வருகிற கடிதத்துக்குத் திகதி முத்திரை குத்திக் கோவையில் கட்டுவது என் வேலை. அதை நான் மிக ஒழுங்காகச் செய்தேன். ஒரு கடிதம்கூடத் தவறவில்லை.

உள்நாட்டுச் சண்டை முடிந்து இரண்டு மாரி கழிந்திருந்த காலம். இனிக் கந்தோரை நம்பிப் பயனில்லை என்று படுவான்கரை ஆட்கள் பட்டணத்துப் பிரஜைகள் குழு ஒன்றிடம் போனார்கள். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், ஒரு சட்டத்தரணி, ஒரு குருவானவர், இன்னும் இரண்டு பெரிய மனிதர். "நேரில் வந்து பார்த்து அறிக்கை எழுதுவோம்" என்று எங்களுக்குக் கடிதம் அனுப்பினார்கள். வருகிற நாளையும் நேரத்தையும் போட்டே அனுப்பியிருந்தார்கள்.

எங்கள் செயலாளர் கெட்ட மனிதர் அல்ல. யாரையும் வாடா போடா என்று பேசமாட்டார். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "தங்கச்சி, முதல் சாப்பாடு. மறுகா பாதை" என்றார்.

எனக்கு உடனே விளங்கியது. ஒரு வீட்டில் கை நனைத்தவர் அந்த வீட்டைப் பற்றி வெளியில் குறை சொல்லமாட்டார். எங்கள் பக்கத்தில் இதை ஒருவரும் ஒருவருக்கும் படிப்பிப்பதில்லை. பிறந்ததிலிருந்தே தெரியும்.

சமையல் பொறுப்பை நான் எடுத்தேன். வாவி நண்டு முருங்கையிலை போட்டு, இறால் பொரியல், கீரை, பால்சொதி, நெல்லுச்சோறு. ஐந்து பேரும் விரல் சூப்பச் சூப்பச் சாப்பிட்டார்கள். சட்டத்தரணி மூன்றாம் தரமும் நண்டு கேட்டார். அந்தக் கறியை நினைக்க எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது. அந்தப் பெருமையை நினைக்கக் கோபமும் வருகிறது.

சாப்பிட்டு முடியத் துறைக்குப் போனோம். விருந்தாளிகளை உக்கின பலகையில் நிற்க விடலாமா? காலையிலேயே நான் வீட்டிலிருந்து நாலு புதுப் புற்பாய் கொண்டுவந்து பாதையில் விரித்திருந்தேன். ஒருவரும் விரிக்கச் சொல்லவில்லை. பெரிய மனிதர் ஐந்து பேரும் பாயில் சம்மணம் போட்டு இருந்து, காற்று வாங்கிக்கொண்டு வாவியைக் கடந்தார்கள். "நல்ல காத்து" என்றார் அதிபர்.

அந்தக் கரையில் பாக்கியம் அக்கா நின்றார். தினமும் தலையில் தயிர்ச்சட்டிக் கூடையோடு பாதையில் வந்து எங்கள் பக்கம் தயிர் விற்றுப் போகிறவர். முறைப்பாட்டுக் கடிதத்தில் முதல் கையெழுத்து அவருடையதுதான். அவரும் வெறுங்கையோடு வரவில்லை. வருகிறவர்களுக்கென்று ஒரு சட்டி தயிரும் இனிப்புப் பாணியும் கொண்டுவந்து பாயில் வைத்தார்.

அதிபர் தயிரைச் சாப்பிட்டுக்கொண்டே, "சொல்லுங்க பிள்ளை, பாதையால என்ன கரைச்சல்? பயப்பட வேணாம்" என்றார்.

பாக்கியம் அக்கா என்னைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். பிறகு அதிபரின் கையில் இருந்த கோப்பையைப் பார்த்தார்.

"கரைச்சல் ஒண்டும் இல்லை ஐயா, எல்லாம் நல்லம். இவ்வளவு தூரம் வந்திருக்கிறீங்க, உங்களிட்டப் போய் என்னத்தச் சொல்றது. இன்னும் கொஞ்சம் போடட்டா?"

பாதை திருப்திகரமாக இயங்குகிறது என்று அறிக்கை வந்தது. திகதி முத்திரை குத்திக் கோவையில் கட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் பாக்கியம் அக்காவின் கால் பலகைக்குள்ளால் போனது. பாதை கரையில் முட்டிய நேரம். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்தது. ஆசுபத்திரியில் போய்ப் பார்த்தேன். கட்டிலடியில் நின்று அழுதேன். அவர்தான் என் கையைப் பிடித்துத் தேற்றினார்.

"அழாத மனே. அண்டைக்கு அந்த ஐயாமார் தயிர என்னமா ஆசையாச் சாப்பிட்டாங்க, கண்டியா?"

குத்திக்காட்டவில்லை. மெய்யாகவே அதில் அவருக்குச் சந்தோசம் இருந்தது. எலும்பு கூடியபோது கால் கட்டையாகிவிட்டது, அவர் அதற்குப் பிறகு கூடை தூக்கவில்லை. அடுத்த வருடம் நான் நாட்டை விட்டு வந்தேன். மறைக்க அந்தப் பாயை விரித்தேனா, மரியாதைக்கு விரித்தேனா என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் வேறுபாடு தெரியாத ஊரில் வளர்ந்தவள் நான்.

4

எங்கள் குழு கவுண்டியின் முதியோர் பராமரிப்பு மனைக்குப் போனது மார்கழி மாதம். இங்கே நாளும் நேரமும் சொல்லி அனுப்புவதில்லை. வோல்ட்டரும் நானும் வாசலில் அட்டையைக் காட்டியதும் பொறுப்பாளர் ஓடிவந்தார். கோப்பி தரவா என்றார். வேண்டாம் என்றோம். எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. இந்த நாட்டுக்காரர் இதையெல்லாம் எப்படி யோசித்துச் சட்டம் செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினேழாம் அறையில் ஒரு வயதான பெண் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். தலையில் முக்காடு. கதவில் அவருடைய பெயரும், மொழி தமிழ் என்றும் எழுதியிருந்தது. ஆனால் நான் மொழிபெயர்க்கக்கூடாது, விசாரிக்கிற ஆளே மொழிபெயர்த்தால் அது சாட்சி ஆகாது. வோல்ட்டர் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை எடுத்து, தொலைபேசிப் பெட்டியை மேசையில் வைத்தார். எங்கோ தமிழ்நாட்டுப் பக்கத்துத் தம்பி. "வணக்கம்மா, நல்லாருக்கீங்களா?" என்று பெட்டிக்குள்ளிருந்து கேட்டார். வயதானவர் பெட்டியைப் பார்த்துவிட்டு மறுபடி சன்னல் பக்கம் திரும்பினார்.

இணைப்புச் சரியா என்று அந்தத் தம்பி கேட்க, நான் "ஓம், கேக்குது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கட்டிலில் இருந்தவர் முழுதாக என் பக்கம் திரும்பினார்.

"நீங்க எந்த ஊர் மகள்?"

"களுவாஞ்சிக்குடிப் பக்கம்."

"அல்லாவே! அப்ப எங்கட ஊரத் தாண்டித்தானே பட்டணம் போவீங்க. நான் காத்தான்குடி."

பெயர் சொல்லமாட்டேன். ஊரைச் சொல்லலாம், காத்தான்குடியில் எத்தனை உம்மாக்கள் இருப்பார்கள். மகன் லொறி ஓட்டுகிறார், மாதத்தில் முக்கால்வாசி நாள் எங்கோ வீதியில். இடுப்பு உடைந்த பிறகு இங்கே சேர்த்திருக்கிறார். இதையெல்லாம் உம்மா ஒரே மூச்சில் சொன்னார். சொல்லிக்கொண்டே பக்கத்து மேசை லாச்சியைத் திறந்து, துடைக்கிற தாளில் சுற்றிவைத்த இரண்டு பிஸ்கட்டை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"தின்னுங்க மகள். முதல் முதல் வந்திரிக்கீங்க."

"வேணாம் உம்மா. நாங்க ஒண்டும் சாப்பிடப்படாது, சட்டம்."

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு உம்மா பிஸ்கட்டை மறுபடி தாளில் சுற்றி லாச்சிக்குள் வைத்தார். உம்மாவின் முஸ்லிம் ஊருக்கும் எங்கள் தமிழ் ஊருக்கும் நடுவில் நல்ல காலமும் இருந்தது, கெட்ட காலமும் இருந்தது. கெட்ட காலத்தில் அந்த ஊர் ஆள் இந்த ஊரில் பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டார், இந்த ஊர் ஆளும் அப்படித்தான். என் முகத்தில் உம்மா எதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். இல்லை உம்மா, அது இல்லை என்று சொல்ல வாய் வந்தது. வோல்ட்டர் முதலாவது கேள்வியை வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

பத்துக் கேள்வி. சாப்பாடு எப்படி? எல்லாம் நல்லம். குளிக்க வைக்கிறார்களா? எல்லாம் நல்லம். கூப்பிட்டால் வருகிறார்களா? எல்லாம் நல்லம். உம்மா என்னைப் பார்க்கவே இல்லை. தமிழ்நாட்டுத் தம்பி பத்துத் தரமும் அதை அழகாக ஆங்கிலப்படுத்தினார்.

வெளியே வரும்போதுதான் அதைக் கண்டேன். ஒவ்வொரு கட்டிலிலும் ஓர் அழைப்பு மணி இருக்கும், நீள வயரின் நுனியில் சிவப்புப் பொத்தான். உம்மாவின் வயரைச் சுருட்டி, கட்டிலுக்கு மேலே சுவர் விளக்கின் தண்டில் கட்டியிருந்தார்கள். எழும்பி நிற்க முடியாத மனுசிக்கு அது எட்டவே எட்டாது. தாதியைக் கேட்டோம். துப்புரவு செய்யும்போது மேலே எடுத்தது, மறந்துபோனோம், இப்போதே இறக்கிவிடுகிறோம் என்றார். வோல்ட்டர் எழுதிக்கொண்டார்.

வியாழன் கூட்டத்தில் அது எடுபடவில்லை. ஒரு நாள், ஒரு தரம், ஒரு வயர். இருப்பவரே முறைப்பாடு இல்லை என்கிறார். அறிக்கையில் போட இது போதாது என்றார் தலைவர். அவர் சொன்னது சரி.

வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தேன். ஊரில் சாப்பிட்டதால் விசாரித்தவர்களின் வாய் அடைபட்டது. இங்கே சாப்பிடாததால் சொல்லவேண்டியவரின் வாய் அடைபட்டது. எவ்வளவு பெரிய முட்டாள் நான். கை நனைக்காதவளிடம் உம்மா எப்படித் தன் கஷ்டத்தைச் சொல்வார்? அந்த மனையில் இதை விளங்கக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். நான்தான் அந்தக் கையைத் தள்ளிவிட்டேன்.

5

மூன்று கிழமை கழித்து வோல்ட்டரோடு மறுபடி போனேன். காரில் வைத்து அவருக்குப் பாக்கியம் அக்காவின் கதையைச் சொன்னேன். நண்டு, பாய், தயிர், கால், எல்லாம். என் ஆங்கிலத்தில் அது நீளக் கதை. இரண்டு தரம் சந்தியைத் தவறவிட்டோம். வாகனத்தை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

பதினேழாம் அறை வாசலில் நின்று, "இந்த நடையில் எத்தனை தீயணைப்பு உருளை இருக்கிறது?" என்று கேட்டார்.

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. ஒவ்வொன்றிலும் திகதி பார்க்கவேண்டும். எழுத்துச் சின்னது, நான் மெதுவாகத்தான் வாசிப்பேன்." சொல்லிவிட்டுப் போய்விட்டார். முப்பத்தொரு வருடம் ஒரு சட்டத்தையும் மீறாத மனிதர்.

நான் உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் இருந்தேன். உம்மா என்னைக் கண்டும் போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"உம்மா, பசிக்குது. அந்த பிஸ்கட் இரிக்கா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சட்டம் எண்டீங்க?"

"சட்டம் வெளிய நிக்குது."

உம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. லாச்சியைத் திறந்தார். அதே தாள், அதே பிஸ்கட்டாகத்தான் இருக்கவேண்டும், ஈரம் பிடித்துத் துவண்டிருந்தது. இரண்டையும் தின்றேன். நான் விழுங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உம்மா என் கையைப் பிடித்தார்.

"மகள், அந்த மணியப் பாத்தீங்களா? நான் கனக்க அடிக்கிறன் எண்டு மேல கட்டிப்போட்டாங்க. தொழ முதல் ஒழு எடுக்கத் தண்ணிக்கு அடிப்பன். மறுகா கக்கூசுக்கு. இப்ப அடிக்க ஏலா. நனஞ்சபடிதான் கிடக்கன், விடிஞ்சி ஆராச்சும் வாறமட்டும். மகனுக்குச் செல்லல்ல. அவன் எங்கயோ றோட்டில, மனசு உடைஞ்சிருவான்."

எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. வெளியே போய் வோல்ட்டரைக் கூட்டி வந்தேன். பெட்டிக்குள் வேறொரு மொழிபெயர்ப்பாளர் வந்தார். அதே பத்துக் கேள்வி. இம்முறை உம்மா ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னார். நான் ஒரு சொல்லும் குறுக்கே சொல்லவில்லை.

பிஸ்கட்டை நான் மறைக்கவில்லை. மறைப்பதற்கு எனக்கு இனித் தெம்பு இல்லை. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த மனை சம்பந்தமான எந்தத் தாளிலும் நான் கையெழுத்துப் போடக்கூடாது என்றார். வேறு இரண்டு பேரை அனுப்பினார்கள். அவர்கள் போன நாளிலும் உம்மாவின் வயர் மேலேதான் கட்டியிருந்தது. இன்னும் இரண்டு அறைகளிலும் அப்படியே. அறிக்கையில் அது ஏறியது. என் பெயரில் ஒரு எச்சரிக்கைக் கடிதமும் கோவையில் ஏறியது. இருபது வருடம் மற்றவர்களின் கடிதங்களைக் கோவையில் கட்டியவளுக்கு அது பெரிய கவலையாக இல்லை.

6

மனையின் பதில் இணையத்தில் வெளியான நாள் ஒரு புதன்கிழமை. இரண்டே வரி. குறையை ஏற்றுக்கொள்கிறோம், எல்லா அழைப்பு மணிகளும் கைக்கு எட்டும்படி வைக்கப்பட்டுள்ளன. சமையலறையில் நின்று அதைச் சத்தமாக வாசித்தேன். ஒரு கந்தோர் பொதுமக்களுக்கு அப்படிப் பதில் எழுதி என் வாழ்நாளில் நான் கண்டதில்லை.

ஞாயிறு வரை பொறுக்க முடியாமல் மகளுக்கு அழைத்தேன். "சூப்பர் அம்மா. பட் நான் மீட்டிங்ல, பிறகு எடுக்கட்டா?" என்றாள். எடுத்தாள், ஞாயிறு பத்து மணிக்கு. அதற்குள் எனக்குச் சொல்லும் ஆசை போய்விட்டது. சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள். அவளைக் குறை சொல்லவில்லை. நான் அவளுடைய வயதில் என் அம்மாவிடம் எத்தனை தரம் பேசினேன் என்று எனக்குத் தெரியும்.

பாக்கியம் அக்கா இப்போது இல்லை. போன வருடம் ஊரில் இருந்து வந்த செய்தி. இருந்திருந்தால் அழைத்து அந்த இரண்டு வரியையும் தமிழில் சொல்லியிருப்பேன்.

7

குழுவின் வருடம் முடிந்த பிறகுதான் உம்மாவைச் சும்மா பார்க்கப் போனேன். இனி நான் விசாரிக்கிற ஆள் அல்ல. வாசலில் வருகையாளர் புத்தகத்தில் பெயர் எழுதி, உறவு என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, ஊர் என்று போட்டேன். தேங்காய்ப்பாலில் தொதல் கிண்டிக் கொண்டுபோயிருந்தேன்.

உம்மா மெலிந்திருந்தார். ஆனால் முகத்தில் வெளிச்சம். "இஞ்ச பாருங்க மகள்" என்று தலையணைக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புப் பொத்தானை எடுத்துக் காட்டினார். வயர் சட்டையில் கிளிப் போட்டுக் கொழுவியிருந்தது.

கட்டிலருகே மேசையில் தண்ணீர். கடதாசிக் குவளைகள் ஆறோ ஏழோ, விளிம்புவரை நிரம்பி வரிசையாக இருந்தன. ஒன்றிலும் வாய் வைத்த அடையாளம் இல்லை.

"என்ன உம்மா இவ்வளவு தண்ணி?"

உம்மா கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"மணி அடிச்சா இப்ப உடன வாறாங்க மகள். வந்து என்ன வேணும் எண்டு கேக்காங்க. எனக்கு அவங்கட பாஷையில தண்ணி எண்டு மட்டும்தான் செல்லத் தெரியும். ஒண்டும் வேணாம், சும்மா வாங்க எண்டு எப்பிடிச் செல்ற? அதான் ஒவ்வொருக்காவும் தண்ணி கேக்கன்."

சொல்லிவிட்டு, நான் பார்க்கட்டும் என்று பொத்தானை அழுத்தினார். ஒரு நிமிடத்துக்குள் இளம் பெண் ஒருத்தி வந்தாள். கையில் ஏற்கனவே ஒரு குவளை தண்ணீர். வரிசையின் கடைசியில் அதை வைத்து, உம்மாவின் போர்வையை இழுத்துவிட்டு, கதவடியில் நின்று என்னிடம் சொன்னாள், "பாவம் இவருக்கு எந்த நேரமும் தாகம்."

"அவ என்ன செல்றா மகள்?"

ஒரு வருடம் மெய்யைத் தவிர ஒன்றும் சொல்லேன் என்று சத்தியம் செய்தவள் நான்.

"உங்கட அறைக்கு வாறது அவக்கு நல்ல விருப்பமாம் உம்மா."

உம்மா கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் சிரித்தபடி கிடந்தார். பிறகு பொத்தானைக் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப இன்னொருக்கா அடிக்கட்டா?"